கொல்லைப்புறத்துப் பன்னீர் ரோஜா

ஐப்பசி மாதத்தில் ரோஜாச் செடிகளைக் கவாத்துச் செய்தபின், வெட்டிய குச்சிகளை வேலியோரம் குவித்து, காய்ந்ததும் தீயிட்டுக் கொளுத்துவது நம் ஊர்களில் வழக்கமாக இருந்து வருகிறது. முள் என்று கருதிக் கொளுத்தப்படும் அக்குவியலில் ஒரு தெருவுக்கே போதுமான நாற்றுகள் அடங்கியுள்ளன என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குச்சியைக் கொளுத்திய அதே குடும்பத்தார், இரண்டு மாதங்கள் சென்றபின், சாலையோரத்தில் விற்கப்படும் ஒட்டு ரோஜாச் செடியை அதன் பூவின் அளவைக் கண்டு மயங்கிப் பணம் கொடுத்து வாங்கி வருகின்றனர். அது இரண்டொரு வருஷங்கள் பெரிய பூக்களைத் தருகிறது. பிறகு மேலே ஒட்டிய பகுதி பட்டுப்போய், அடியிலுள்ள வேர்ச்செடி மட்டும் தழைத்து நிற்கிறது. நமது ஒன்றியத்துக் கிராமங்களில் இதனை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஆதலால், நம் பாட்டிமார் காலத்திலிருந்து கொல்லையில் பூத்துவரும் மணமுள்ள பன்னீர் ரோஜாவைப் பற்றி விவசாயிகளுக்கும் ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் சில விவரங்களைக் கூற விரும்புகிறோம். சுற்றுச்சுவர் எழும்போதும் வீட்டைப் புதுப்பிக்கும்போதும் இப்பழைய புதர்களே முதலில் வெட்டப்படுகின்றன. ஓர் ஊரில் கடைசிப் புதரும் போய்விட்டால், அதனை மீண்டும் எங்கே தேடுவது?

முதலில் பெயரைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். திருச்செந்தூரில் எந்த மரத்தின் இலையில் திருநீறு தருகிறார்களோ, அந்தப் பன்னீர் மரத்துக்கும் இந்த ரோஜாவுக்கும் யாதொரு உறவும் இல்லை. ரோஜாக்களிலேயே பன்னீர் ரோஜா என்ற பெயரால் இரண்டு வகைகள் வழங்குகின்றன. ஒன்று, வடநாட்டில் பன்னீரும் அத்தரும் வடிக்கப் பயன்படும் டமாஸ்க் ரோஜா. உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் பகுதியில் இதனைச் சைத்தி குலாப் என்பர். சைத்ர மாதத்தை ஒட்டிப் பூப்பதால் அப்பெயர். பல்கேரியா நாட்டுக் கசான்லக் பள்ளத்தாக்கில் எண்ணெய்க்காகப் பயிராவதும் இந்த இனமே. ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே பூக்கும் இந்த ரோஜாவுக்குக் குளிர்காலத்தின் குளிர்ச்சி நன்கு கிடைக்க வேண்டும். நமது சமவெளிக்கு இது ஏற்றதன்று. மற்றொன்று, நம் கொல்லைகளிலும் திண்டுக்கல், சேலம், தருமபுரி போன்ற மாவட்டங்களின் தோட்டங்களிலும் காணப்படும் எட்வர்டு ரோஜா. பலமுறை பூக்கும் இந்த இரண்டாவது வகையே இக்கட்டுரையின் பொருள்.

எட்வர்டு என்றதும் ஆங்கில மன்னர் ஒருவரின் நினைவு வரக்கூடும். அம்மன்னருக்கும் இப்பூவுக்கும் தொடர்பில்லை. எதுவார் என்னும் பிரெஞ்சுப் பெயரே நம் நாட்டில் எட்வர்டு ஆயிற்று. மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்துமாக் கடலில் இன்று ரியூனியன் என வழங்கும் தீவு, அந்நாளில் பூர்போன் தீவு எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் தீவு அது. அங்கே குடியானவர்கள் தம் நிலங்களுக்கு ரோஜாச் செடிகளையே வேலியாக நடுவது வழக்கம். சீனத்து இளஞ்சிவப்பு ரோஜா, ஆண்டில் இரண்டாவது முறையும் சிறிது பூக்கும் ஒருவகை டமாஸ்க் ரோஜா ஆகிய இரண்டும் வேலியில் அடுத்தடுத்து நின்றன. அவற்றின் மகரந்தம் தாமாகக் கலந்து, இரண்டிலும் சேராத புதுச் செடி ஒன்று தோன்றியது. 1817-ஆம் ஆண்டில் அத்தீவின் தாவரத் தோட்டத்தைக் கவனிக்க வந்த பிரேயோன் என்னும் தாவர அறிஞர் இதன் சிறப்பை உணர்ந்தார். அவர் 1819-ஆம் ஆண்டளவில் அனுப்பிய விதைகளைப் பாரிசில் ஓர்லேயான் கோமகனின் தோட்டத் தலைவர் ழாக் முளைக்க வைத்தார். பிறகு ஐரோப்பாவில் பூர்போன் ரோஜாக்கள் என்றே ஒரு பெருங்குடும்பம் உண்டாயிற்று.

இந்த வரலாற்றில் விவசாயிக்குப் பயன்படும் செய்தி ஒன்று உள்ளது. தாய் தந்தை இருவரின் நற்குணங்களும் இச்செடியில் சேர்ந்திருக்கின்றன. டமாஸ்க் ரோஜாவிடமிருந்து மணமும், சீனத்து ரோஜாவிடமிருந்து மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பும் இதற்கு வந்தன. வெப்பத்தையும் இது தாங்குகிறது. வட இந்தியச் சமவெளிகளில் பெரிய பூ ஜாதிகளை ஒட்டுக் கட்டுவதற்கு இந்த எட்வர்டு ரோஜாவையே வேர்ச்செடியாகப் பயன்படுத்துகிறார்கள் என்றால் இதன் வேரின் வலிமையைச் சொல்லவும் வேண்டுமோ?

புதிய ஜாதிகளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் வளரும் நீண்ட காம்பு ரோஜாக்கள் வேறொரு வாணிபத்துக்கு உரியவை. குளிர்ப் பெட்டியில் நெடுந்தூரம் சென்று, ஜாடியில் பல நாள் வாடாமல் நிற்பதற்காக அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. அத்தேர்வில் மணத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. ரோஜா இதழில் ஜெரனியால் என்னும் மணப்பொருள் உண்டாவதற்குக் குறிப்பிட்ட ஒரு நொதி உதவுகிறது என்பதையும், மணமற்ற ஜாதிகளில் அது மிகக் குறைவாகவே இயங்குகிறது என்பதையும் 2015-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். அத்தகைய செடிக்கு எவ்வளவு எருவிட்டாலும் பன்னீர் ரோஜாவின் மணம் வாராது. ஆனால் பன்னீர் ரோஜாவை ஜாடியில் வைத்து அழகு பார்க்க எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். மறுநாளே அதன் இதழ்கள் உதிர்ந்துவிடும். மாலைக்கும், உதிரிப் பூவுக்கும், குல்கந்துக்கும், வீட்டு வாசலின் மணத்துக்கும் உரியது அது.

சரியான செடியைத் தெரிந்தெடுத்தல்

பெயரை மட்டும் நம்பிச் செடி வாங்குவதோ குச்சி வாங்குவதோ கூடாது. எட்வர்டு ரோஜா பெரும்பாலும் நான்கு முதல் ஆறு அடி வரை வளரும் புதர். பூ நடுத்தர அளவுடையது, நல்ல இளஞ்சிவப்பு, இதழ்கள் அடர்ந்திருந்தாலும் கட்டுக்குலைந்தாற்போல் விரியும். கிளை நுனியில் சிலவாகக் கொத்துச் சேர்ந்து பூக்கும். டமாஸ்க் ரோஜாவின் தண்டில் பெரிதும் சிறிதுமான முட்கள் நெருங்கியிருக்கும். எட்வர்டில் அவ்வளவு நெருக்கம் இல்லை. இவ்வடையாளங்களைக் காட்டிலும் உறுதியான சோதனைகள் இரண்டு உண்டு. ஆண்டில் ஒரு பருவத்துக்கு மேல் பூக்கிறதா என்று தாய்ச்செடியின் உரிமையாளரைக் கேட்க வேண்டும். பிறகு தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கிளறிப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டுக் கட்டிய வீக்கம் இல்லாமல் செடி தன் வேரிலேயே நின்றால் அது நமக்கு வேண்டிய செடி.

தன் வேரில் நிற்கும் செடியின் நன்மை பெரிது. மாடு மேய்ந்தாலும், கறையான் தண்டைக் கெடுத்தாலும், வறட்சியில் மேற்பகுதி காய்ந்தாலும், அடியிலிருந்து எழும் துளிர் அதே பன்னீர் ரோஜாவாகவே இருக்கும். ஒட்டுச்செடியில் அடியிலிருந்து எழுவது வேறு செடி.

கவாத்துக் குச்சியே நாற்று

இனி, நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறோம். புதிய பெரும்பூ ஜாதிகளைப் பெருக்குவதற்கு ஒட்டுக் கட்டத் தெரிந்தவரின் கை வேண்டும். எட்வர்டு ரோஜாவுக்கு அது வேண்டுவதில்லை. முற்றிய குச்சியை நட்டால் வேர் பிடிக்கும். கவாத்துச் செய்யும் காலமாகிய அக்டோபர், நவம்பர் மாதங்களே நமது மாநிலத்தின் பெரும்பகுதியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமாகவும் அமைந்துவிட்டன. காற்றில் ஈரமும், மண்ணில் குளுமையும், கையில் குச்சியும் ஒரே நேரத்தில் கிடைக்கும்போது அதனைக் கொளுத்துவது முறையாகுமா?

வெட்டிய கிளைகளில் பென்சில் பருமனுள்ள, முற்றிய, நோயற்ற பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளந்தளிர் அழுகிவிடும், மிகப் பருத்த கிழக்கட்டையில் வேர் பிடிப்பது தாமதம். ஒவ்வொரு குச்சியும் முக்கால் அடி நீளமும் மூன்று நான்கு கணுக்களும் உடையதாக இருத்தல் நலம். அடிப்பகுதியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேற்பகுதியைக் கணுவுக்குச் சற்று மேலே நேராகவும் வெட்ட வேண்டும். இவ்வாறு செய்தால் தலைகீழாக நட்டுவிடும் பிழை நேராது. நூறு குச்சிகளை ஒரே நாளில் நடும்போது இப்பிழை எளிதில் நேரக்கூடியதே. இலைகளைக் கிள்ளிவிட்டு, கிடைக்குமாயின் வேர்ப்பிடிப்புக்கான ஐ.பி.ஏ. பொடியில் அடிமுனையைத் தோய்த்து நடலாம். அப்பொடி இல்லை என்பதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை. பிழைக்கும் குச்சிகளின் எண்ணிக்கை சற்றுக் குறையும், அவ்வளவே.

செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து, நீர் வடியும் துளைகளுள்ள பைகளிலோ மேட்டுப்பாத்தியிலோ குச்சியின் பாதிக்கு மேல் புதையும்படி நட்டு, சுற்றிலும் மண்ணை விரலால் இறுக்க வேண்டும். மரநிழலோ தென்னங்கீற்றுப் பந்தலோ போதும். மழை நாட்களில் நீர் தேங்காமல் பார்ப்பதும், மழை இல்லாத நாட்களில் மண் காயாமல் பூவாளியால் தெளிப்பதும் அவசியம். சில வாரங்களில் துளிர் வந்துவிடும். துளிரைக் கண்டதும் வேர் வந்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிப் பார்க்கும் ஆவல் சிலருக்கு உண்டு. குச்சியில் சேமித்திருந்த சத்தைக்கொண்டே முதல் துளிர் வருகிறது; வேர் பின்னரே வரும். இரண்டு மாதம் வரை கை வைக்காதிருக்க வேண்டும். எல்லாக் குச்சிகளும் பிழைப்பதில்லை. ஆதலால் நூறு செடி வேண்டுவோர் இருநூறு குச்சிகள் நடுவது பாதுகாப்பானது.

ஊராட்சி மன்றங்கள் இதில் செய்யக்கூடிய உதவிக்குப் பெருஞ்செலவு இல்லை. ஊரில் நல்ல பூவும் மணமும் உள்ள பழைய புதர்கள் யார் வீட்டில் உள்ளன என்று புரட்டாசியிலேயே கேட்டறிந்து, ஐப்பசியில் கவாத்துக் குச்சிகளைத் திரட்டி, மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் நாற்றுவிட ஒப்படைக்கலாம். தாய்ச்செடி தந்த வீட்டாருக்கு முதலில் இரண்டு நாற்றுகள் கொடுப்பது மரியாதை. பள்ளி, நூலகம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் முன்புறம் இவற்றை நடலாம். அங்கன்வாடி வாசலில் மட்டும் வேண்டாம். குழந்தைகளின் கைக்கு முள் ஆகாது. குழாயடிக் கழிவுநீரில் நட்டால் வளரும் என்று ஒரு கருத்து இருந்து வருகிறது. நீர் தேங்குவதும் சோப்பு நீர் சேர்வதும் இச்செடிக்குக் கேடு. பொதுவிடத்தில் நடுவதானால் ஆட்டுக்கு முதலில் வழி செய்ய வேண்டும். ரோஜாத் தளிரில் ஆட்டுக்குள்ள விருப்பம் அளவற்றது. முதல் வருஷம் வேலியின்றி நடும் செடிகள் ஆட்டுக்கு நட்டவையே.

நடவும் பராமரிப்பும்

தோட்டமாக நடுவதானால் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில், ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகள் எடுக்க வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 செடிகள் பிடிக்கும். வேலியாக நடுவோர் இரண்டரை அடிக்கு ஒன்றாக நடலாம். குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழு எரு இட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் நடுதல் சிறந்தது. ஐப்பசியில் நாற்றுவிட்டவர்கள் கோடையில் பைகளை நிழலில் காத்து, அடுத்த மழையில் நடலாம். வடிகால் உள்ள வண்டல் கலந்த செம்மண்ணே இதற்கு உகந்தது. கிணற்று நீர் உவராக இருப்பின் ஒரு ஏக்கர் நடும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. நீரையும் மண்ணையும் முதலில் பரிசோதித்துக்கொள்ளும் செலவு மிகச் சிறிது.

முதல் வருஷத்திலேயே பூ காணும். ஆயினும், வருமானம் என்று சொல்லத்தக்க மகசூல் இரண்டாம் வருஷத்திலிருந்துதான். ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், முந்திய பருவத்துக் கிளைகளைப் பாதி நீளத்துக்கு வெட்டி, காய்ந்தவை, நோயுற்றவை, குறுக்கே ஓடுபவை ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். வெட்டுவாயில் போர்டோப் பசை தடவினால் நுனியிலிருந்து கருகிக்கொண்டு இறங்கும் நோய் அணுகாது. கவாத்தை ஒட்டிச் செடிக்குப் பத்துக் கிலோ தொழு எருவுடன் தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல் சத்து 12 கிராம் இட்டு, ஜூலையில் மறுமுறையும் அவ்வாறே இடலாம். கவாத்துச் செய்ய மனம் வராமல் செடியை உயர விடுவோர் பலர் உண்டு. புதிய கிளையில்தான் பூ வரும் என்பதை அவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

இலையில் கரும்புள்ளி கண்டால், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும், மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்துவதும் மருந்துக்கு முந்திய சிகிச்சைகள். இலைப்பேனும் அசுவினியும் தோன்றும்போது, பத்து லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடிகட்டிய சாற்றை மாலையில் தெளிக்கலாம். கடுமையான பூச்சிமருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. மற்றப் பூக்களை நாம் சூடுகிறோம். இதன் இதழை உண்ணவும் செய்கிறோம். ஆதலால் மருந்தடித்த தோட்டத்தின் பூவைக் குல்கந்துக்குக் கொடுக்கலாகாது. உண்பதற்கென ஒதுக்கும் செடிகளைத் தனி வரிசையாக வைத்துக்கொள்வதே சரியான வழி.

பூப் பறிக்க வேண்டியது விடியற்காலையில். வெயில் ஏற ஏற மணப்பொருள் ஆவியாகிவிடும். சந்தையும் விடியலில்தான் கூடும். இப்பயிரின் உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது. எருவுக்கும் நீருக்கும் கணக்கு எழுதுகிறவர்கள், நாள்தோறும் இருட்டோடு எழுந்து முள்ளுக்கிடையே பூக்கொய்யும் வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனையும் கூலியாக எழுதிப் பார்த்தபின் எஞ்சுவதே லாபம். முகூர்த்த நாட்களில் விலை ஏறுவதும், திருமணமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் இறங்குவதும் தெரிந்ததே. விடிவதற்குள் சந்தைக்குப் பூவைச் சேர்க்க முடியாத ஊரார், ஏக்கர் கணக்கில் நடாமல், வீட்டுக்கு ஐந்து முதல் ஐம்பது செடிகளோடு நிற்பது புத்திசாலித்தனம் என்பது நமது கருத்து. ரோஜா எண்ணெய் எடுக்கலாம் என்ற ஆசையும் சிலருக்கு ஊட்டப்படுகிறது. எண்ணெய் மிகுந்த டமாஸ்க் ரோஜாவிலேயே ஒரு கிலோ எண்ணெய்க்கு மூவாயிரம் முதல் நாலாயிரம் கிலோ வரை பூ வேண்டும். எட்வர்டில் எண்ணெய் அதனினும் குறைவு. வடிகலம் வாங்கக் கடன் கேட்போர் இக்கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலை இறங்கும் நாட்களில் பூவை வீணாக்காமல் காக்கும் எளிய வழி குல்கந்து. காம்பு, பச்சைப் புல்லிதழ், மகரந்தத்தாள் ஆகியவற்றை நீக்கி, இதழ்களை அலசித் துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். இதழின் எடைக்குச் சமமாகவோ, சற்று அதிகமாகவோ சர்க்கரை அல்லது பொடித்த கற்கண்டு எடுத்து, கண்ணாடிப் புட்டியில் ஓர் அடுக்கு இதழ், ஓர் அடுக்கு சர்க்கரை என மாற்றி மாற்றி இட்டு, முக்கால் பாகம் நிரப்பி மூடி வெயிலில் வைக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறிவர, மூன்று நான்கு வாரங்களில் இதழும் சர்க்கரையும் இளகி ஒன்றாகிவிடும். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சணம் பிடித்துப் புட்டி முழுவதும் கெடும். வீட்டுக்கு மட்டும் செய்வோருக்கு இவ்வளவு போதும். குழுவாகச் செய்து கடைகளுக்குக் கொடுக்க விரும்பும் மகளிர், உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, பதிவு எண்ணையும் தயாரித்த தேதியையும் சேர்மானங்களையும் எடையையும் புட்டியின்மேல் ஒட்ட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதில் ஐயம் எழுந்தால் ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கலாம்.